மூன்றாம் எண்ணுக்குப் பூஜ்யம்

ஓஹோய்மாஸ், கெய் தீவு
3 நவம்பர் 2008

அன்பு நெல்சே,

நீ பத்து வருடம் தெருவில் நின்று கத்தி வாங்கிய சட்டம் கடைசியில் எங்கள் தீவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வரும்போது எனக்கு ஒரு எண்ணையும் கொண்டுவந்திருக்கிறது. மூன்று.

கட்சி ஆபீஸில் வேட்பாளர் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். தேசிய நாடாளுமன்றத்துக்கு நம் மாகாணத்தில் நம் கட்சி நிறுத்துவது ஐந்து பேர். முதல் எண் ருஃபினுஸ் ஐயா. சரக்குக் கப்பல் வைத்திருக்கிறாரே, மாகாணத் தலைநகர் அம்போனில் மாடி வீடு, வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு ஊர்ப்பக்கம் வந்து சாக்லேட் கொடுத்துவிட்டுப் போவாரே, அவர்தான். இரண்டாம் எண் அவருடைய மச்சான். மூன்றாவதாக நான். உள்ளூர்க் கட்சித் தலைவர் என்னைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார்.

"தெக்லாக்கா, சட்டம் என்ன சொல்லுது? மூணு பேர்ல ஒருத்தர் பொம்பளையா இருக்கணும். போட்டாச்சு பாருங்க. நாங்க சட்டத்த மதிக்கிறவங்க."

"முதல் ஆளா பொம்பளையப் போட்டாலும் மூணு பேர்ல ஒருத்திதானே?" என்றேன்.

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் ஏதோ வேடிக்கையாகப் பேசிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். "அக்கா, மூணாவது கிடைச்சதுக்கே மெழுகுவத்தி ஏத்துங்க. செருப்பு நம்பர் வாங்கினவங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?" என்றான் ஒருவன். செருப்பு நம்பர் என்றால், பட்டியலின் கடைசியில் கிடக்கும் எண்ணைச் செருப்பு அளவு மாதிரி முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று கேலியாகச் சொல்வது. பேர் இருக்கும், பிழைப்பு இருக்காது.

நெல்சே, எனக்குச் சட்டம் தெரியாது, ஆனால் ஒன்று தெரியும். இந்த மாகாணத்துக்கு மொத்தமே நான்கு இடம். நம் கட்சி இதுவரை ஒரு இடத்துக்கு மேல் வாங்கியதில்லை. அந்த ஒன்று பட்டியலில் முதலில் இருப்பவருக்குத்தான் போகும் என்கிறார்கள். அப்படியானால் மூன்றாவது எண் எதற்கு? கல்யாணப் பந்தலில் வாழை கட்டுகிற மாதிரி என்னைக் கட்டி வைத்திருக்கிறார்களா?

அரசு வேலையில் இருப்பவர் நிற்கக் கூடாதாம். இருபத்தைந்து வருட நர்ஸ் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இந்தத் தீவில் பாதிப் பேரைத் தாய் வயிற்றிலிருந்து வெளியே இழுத்துப் போட்டவள் நான். ஜூலையில் யூஸ்தா பிரசவ வலியோடு படகிலேயே செத்தாள், உனக்குச் சொன்னேனே. ஆஸ்பத்திரித் தீவின் விளக்கு கண்ணுக்குத் தெரிந்தது. என் மடியில்தான் செத்தாள். மோட்டார் வைத்த ஒரு ஆஸ்பத்திரிப் படகு இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். அதைக் கேட்க எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினேன்! எல்லாரும் "அது ஜகார்த்தாவில் முடிவாக வேண்டியது" என்றார்கள். சரி, ஜகார்த்தாவுக்கே போய்க் கேட்கிறேன் என்றுதான் நிற்கிறேன். ஆசைப்பட்டு அல்ல.

செல்போன் சிக்னலுக்குக் குன்று ஏற வேண்டும். ஏறினாலும் இவ்வளவு கோபத்தை அதில் அடைக்க முடியாது. அதனால் தபால் கொண்டுபோகும் வெள்ளைக் கப்பலில் கடிதம். பதில் எழுது.

உன்
தெக்லா

---

ஜகார்த்தா
22 நவம்பர் 2008

அன்புள்ள தெக்லா அக்கா,

உங்கள் கடிதத்தை எங்கள் பெண்கள் அமைப்பு ஆபீஸில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். வாழைமரம் வந்த இடத்தில் சிரித்தார்கள். யூஸ்தா வந்த இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள்.

நாங்கள் கேட்டது இது அல்ல, அக்கா. முதல் எண் ஆண் என்றால் அடுத்தது பெண், அதற்கடுத்தது ஆண், இப்படி மாறி மாறி வர வேண்டும் என்று கேட்டோம். சட்டம் எழுதிய நாடாளுமன்றக் குழுவில் ஒரு கனவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அவ்ளோ பொம்பளைங்களுக்கு நாங்க எங்கம்மா போறது?" அவர் வீட்டில் மட்டும் மனைவி, நான்கு மகள், ஒரு மாமியார். பேரம் பேசிப் பேசி, ஒவ்வொரு மூன்று பேரிலும் ஒருத்தி என்பதில் வந்து நின்றது. பலகாரம் பகிர்ந்து சாப்பிட்டோம், ஜெயித்துவிட்டோம் என்று. பட்டியல்கள் வெளியானதும் பார்த்தால், நாடு முழுக்கப் பெண்கள் மூன்றாவதாகவும் ஆறாவதாகவும் நிற்கிறார்கள். ஒரே ஆள் எழுதிய மாதிரி.

பத்து இடம் உள்ள பெரிய தொகுதியில் ஒரு கட்சி மூன்று இடம் வென்றால் மூன்றாவதாக நிற்கும் பெண்ணும் உள்ளே போவாள். நான்கே இடம் உள்ள உங்கள் மாகாணத்தில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஆட்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆனால் உங்கள் மேலும் எனக்குக் கோபம். எண் என்ன என்று கேட்காமலா வேலையை விட்டீர்கள்? எனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கக் கூடாதா? நாம் சேர்ந்து தங்கிய விடுதியில் என் துணிப்பெட்டியைக்கூட நீங்கள் இரண்டு தரம் பூட்டிப் பார்ப்பீர்கள். இதற்கு மட்டும் எப்படி இப்படிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்?

ஐந்து வருடம் பொறுங்கள். அடுத்த சட்டத்தில் மாறி மாறி என்பதை எழுத வைக்காமல் விடமாட்டோம்.

நெல்சே

---

ஓஹோய்மாஸ்
28 டிசம்பர் 2008

அடி நெல்சே,

ரேடியோ கேட்டாயா! கிறிஸ்துமஸ் பன்றிக்கறி அடுப்பில் இருக்கிறது, என் வீட்டுக்காரர் வெளியிலிருந்து கத்துகிறார்: "தெக்லா, உன் மூணு செத்துப் போச்சு! இங்க வா!" நான் என்னவோ ஏதோ என்று கரண்டியோடு ஓடினேன்.

பட்டியல் வரிசை இனிச் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கே இடமாம். முதல் எண்ணாவது மூன்றாவது எண்ணாவது! தலைவரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தேவாலயத்தில் திருப்பலி முடிந்து கை குலுக்கும்போது, வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தவர் மாதிரி சிரித்தார். ருஃபினுஸ் ஐயா அம்போனிலிருந்து உடனே புறப்பட்டு வருகிறாராம். இந்த முறை சாக்லேட்டோடு போகாது.

ஐந்து வருடம் பொறுக்கச் சொன்னாய். பிரசவ வலி எடுத்தவளிடம் அடுத்த வருடம் வா என்று சொல்கிற மாதிரி இருந்தது. இப்போது பொறுக்கத் தேவையில்லை. ஓட்டுப் போடுபவர்களில் பாதிப்பேர் பெண்கள். அவர்களில் பாதிப்பேருக்குப் பிள்ளை பிறந்தபோது அவர்கள் என் கையைத்தான் நெரித்தார்கள். என்னால் முடியும்டி.

சந்தோஷமாக இரு. எனக்காகவாவது.

தெக்லா

---

ஜகார்த்தா
10 ஜனவரி 2009

தெக்லா அக்கா,

நீங்கள் கரண்டியோடு ஓடிய அந்த நேரத்தில் நான் நீதிமன்ற வாசல்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பத்து வருட உழைப்பு ஒரு பிற்பகலில் போயிற்று. வழக்குப் போட்டவர்கள் யார்? கீழே எண் கிடைத்த ஆண்கள். அவர்களுடைய அழுகையைக் கேட்டுத்தான் கதவைத் திறந்துவிட்டார்கள், உங்களுடையதைக் கேட்டு அல்ல.

கொஞ்சம் யோசியுங்கள். நேற்றுவரை உங்கள் கட்சி மற்ற கட்சிகளோடு மோதியது. இன்றிலிருந்து ஒரே பட்டியலில் உள்ள ஐந்து பேரும் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும். ருஃபினுஸிடம் கப்பல் இருக்கிறது, உங்களிடம் தொப்புள்கொடி வெட்டும் கத்தரிக்கோல் இருக்கிறது. அதில் ஜெயிப்பது யார்?

இன்னொன்று. வாக்குச்சாவடியில் உட்கார்ந்து எண்ணிக்கையைப் பார்ப்பவர் கட்சியின் சாட்சி. வேட்பாளருக்கென்று சாட்சி கிடையாது. கட்சியின் மொத்தம் குறையாதவரை அவர் வாயைத் திறக்க மாட்டார். உங்கள் ஓட்டு அந்த மொத்தத்துக்குள்ளேயே ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு நகர்ந்தால் யார் கேட்பது? அந்தச் சாட்சி யார் என்று பாருங்கள். இது சாதாரண விஷயம் அல்ல.

இத்தனை பெண்களின் வழியை அடைத்த தீர்ப்புக்கு நீங்கள் பன்றிக்கறி சமைத்துக் கொண்டாடியதை என்னால் தாங்க முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்தது உங்கள் ஒரு தீவு மட்டும்தான்.

நெல்சே

---

ஓஹோய்மாஸ்
16 பிப்ரவரி 2009

நெல்சே,

எனக்குத் தெரிந்தது ஒரு தீவுதான். உண்மை. உனக்குத் தெரிந்தது எல்லாத் தீவும், ஆனால் வரைபடத்தில். உன் வரிசை எனக்குக் கொடுத்தது ஒரு பூட்டிய கதவு. தீர்ப்பு யாருக்காக வந்தால் எனக்கென்ன? கதவு திறந்திருக்கிறது, நான் நுழைகிறேன். கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி சமைக்காமல் பட்டினி கிடக்க வேண்டுமா, உங்கள் தலைநகரத்துத் துக்கத்துக்காக?

கோபத்தை இத்தோடு வைக்கிறேன். இங்கே நடப்பதைக் கேள்.

ஒவ்வொரு ஊராகப் படகில் போகிறேன். இத்தனை வருடம் ஓட்டுச்சீட்டில் ஆணியால் சின்னத்தைக் குத்திப் பழகிய பெண்கள், இந்த முறை பேனாவால் கோடு போட வேண்டும் என்றதும் பயந்து கிடக்கிறார்கள். கிணற்றடியிலும் மரவள்ளி சீவும் இடத்திலும் உட்கார்ந்து, கரித்துண்டால் கல்லின் மேல் கோடு போடக் கற்றுக் கொடுக்கிறேன். "மூணாவது பேரு, தெக்லா. என் மூஞ்சி ஞாபகம் இருக்கா?" என்றால், "உன் மூஞ்சிய மறக்கணும்னுதான் அடுத்த பிள்ள பெத்துக்கல," என்கிறாள் ஒருத்தி. சிரிப்பு அடங்கவே நேரமாகிறது.

போன வாரம் ருஃபினுஸ் ஐயாவின் மச்சான் படகுத்துறையில் வழிமறித்தான். "பொம்பள பேச்ச இந்தத் தீவுல யாரு கேப்பா?" என்றான். அப்போது துறைக்கு அந்தப்பக்கம் கடலில் குருத்தோலை கட்டியிருந்தது. ஓலை கட்டினால் அவிழ்க்கும்வரை அங்கே சிப்பி எடுக்க ஒருத்தன் இறங்கமாட்டான், உனக்குத் தெரியும். அதைக் காட்டினேன். "அந்த ஓலை சொன்னா கடலே கேக்குது. அந்த ஓலையோட சட்டத்த இந்தத் தீவுக்குக் கொண்டாந்தவ யாரு? உங்க தாத்தாவா?" வழியை விட்டு விலகிப் போனான். அவனும் கெய்க்காரன்தானே. முன்னொரு காலத்தில் அதை ஒரு பெண்தான் கொண்டுவந்தாள் என்பது அவனுக்கும் தெரியும்.

சாட்சி யார் என்று கேட்டாய். தாமியானுஸ். பெனெடிக்தாவின் மகன், எனக்கு மருமகன் முறை. கழுத்தில் கொடி சுற்றி நீலமாகப் பிறந்தவன். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி அழவைத்தது நான். அவனையா சந்தேகிக்கச் சொல்கிறாய்? ஜகார்த்தாவில் வேண்டுமானால் பெற்ற பிள்ளையையும் சந்தேகப்படுவீர்களாக இருக்கும்.

இனி எனக்குப் பயமுறுத்திக் கடிதம் எழுதாதே.

தெக்லா

---

ஜகார்த்தா
12 மார்ச் 2009

தெக்லா அக்கா,

பயமுறுத்தவில்லை. ஒரு பெட்டி பேனா அனுப்பியிருக்கிறேன். கல்லில் கரியால் எழுதிப் பழகியவர்களுக்கு உண்மையான பேனாவையும் ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்கக் கொடுங்கள்.

நான் எழுதியதில் ஒரு வரியை எடுத்துவிட முடிந்தால் எடுத்திருப்பேன். எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும்.

சாட்சியைப் பற்றி எழுதியதை எடுக்க மாட்டேன்.

நெல்சே

---

ஓஹோய்மாஸ்
10 ஏப்ரல் 2009

நெல்சே, என் கண்ணே,

நேற்று ஓட்டு. எனக்குத் தூக்கமே வரவில்லை, இருட்டோடு எழுந்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ச் சாவடியில் எண்ணும்போது ஊரே கூடி நின்றது. சுவரில் பெரிய தாள் ஒட்டி, ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு கோடு போட்டு, ஐந்தைந்தாகக் கட்டிக்கொண்டே போனார்கள். என் பெயருக்கு நேரே கட்டுகள் போய்க்கொண்டே இருந்தன. இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து எழுதினார்கள். ருஃபினுஸ் ஐயாவுக்கு விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். பெண்கள் ஒவ்வொரு கட்டுக்கும் குலவை போட, எண்ணுகிறவன், "இப்படிக் கத்தினா நான் எண்ண மாட்டேன்," என்று கோபித்துக்கொண்டான். மற்ற ஊர்களிலிருந்தும் படகில் சேதி வந்துகொண்டே இருக்கிறது. எல்லா இடத்திலும் மூன்று, மூன்று, மூன்று.

தாமியானுஸ் ஓடி வந்து என் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டான். "அத்தை, ஜகார்த்தா போனா எங்கள மறந்துடாதீங்க."

நான் வந்ததும் உன் வீட்டில்தான் தங்குவேன். கட்டில் உனக்கு, பாய் எனக்கு.

தெக்லா

---

ஓஹோய்மாஸ்
26 ஏப்ரல் 2009

நெல்சே,

பூஜ்யம்.

எல்லா ஊர்களின் கணக்கையும் வட்டார மண்டபத்தில் வாசித்துக் கூட்டினார்கள். வேட்பாளர் உள்ளே போகக் கூடாதாம். சாட்சிதான் போகலாம். நான் பெண்களோடு ஜன்னலுக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எங்கள் ஊர் வந்தது. கட்சியின் மொத்தத்தை வாசித்தார்கள், அது சரிதான். பிறகு பெயர் பெயராக வாசித்தார்கள். முதல் எண் ருஃபினுஸ் என்று சொல்லி ஒரு பெரிய எண்ணைப் படித்தார்கள். அது என் எண்ணிக்கை. சுவரில் நான் பார்த்த எண்ணிக்கை. இரண்டாம் எண்ணுக்கு ஏதோ கொஞ்சம்.

"மூணாம் நம்பர், பூஜ்யம்."

நான் கத்தினேன். இதுவரை நான் அப்படிக் கத்தியதில்லை. "அந்தச் சாவடியில நான் ஓட்டுப் போட்டேன்! எனக்கு நானே போட்டேன்! அந்த ஒரு ஓட்டு எங்க போச்சு?"

மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் கண்ணாடிக்கு மேலே பார்த்தான். "யாரும்மா நீங்க?"

"நான்தான் அந்த மூணாம் நம்பர்."

"வேட்பாளர் பேசக் கூடாது. உங்க கட்சி சாட்சி இருக்காரு. சாட்சி, ஆட்சேபம் இருக்கா?"

தாமியானுஸ் எழுந்தான். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. "கட்சி மொத்தம் சரியா இருக்குங்க. ஆட்சேபம் இல்ல." கையெழுத்துப் போட்டான்.

என் பக்கத்தில் நின்றவள், மரவள்ளித் தோட்டத்து லிபரத்தா, கம்பிக்குள் கையை நீட்டி, "நான் தெக்லாக்குப் போட்டேன்!" என்றாள். அடுத்தவள், "நானும்!" பின்னால் இருந்து, "நானும் என் மகளும்!" வரிசையாகச் சொன்னார்கள், நெல்சே. வாழ்நாளில் கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் சொன்னார்கள். அந்த ஆள் என்ன சொன்னான் தெரியுமா? "ஓட்டு ரகசியம். யாருக்குப் போட்டோம்னு வெளியில சொல்றது தப்பு. இன்னொரு தரம் சொன்னா போலீசக் கூப்பிடுவேன்."

எங்கள் ஓட்டைத் திருடுவது தப்பில்லை. எங்கள் ஓட்டு எங்கே என்று கேட்பது தப்பு!

அந்தச் சுவர்த் தாளைப் பிரித்துப் பாருங்கள் என்றேன். அது பெட்டிக்குள் வைத்து முத்திரையிட்டாயிற்று, யாராவது முறையாக ஆட்சேபித்தால்தான் திறக்கலாம், ஆட்சேபிக்க வேண்டியவர் சாட்சி, சாட்சிக்கு ஆட்சேபம் இல்லை. செக்கு மாடு மாதிரி இதையே சுற்றிச் சுற்றிச் சொன்னான்.

வெளியே வந்த தாமியானுஸைப் பிடித்து நிறுத்தினேன். "அத்தை, தலைவர் சொன்னாரு, நான் என்ன செய்ய? கட்சிக்கு ஒண்ணும் நஷ்டமில்லயே. கட்சி ஓட்டு கட்சிக்குள்ளதானே இருக்கு."

"டேய், நீ பொறந்தன்னிக்கு உன்னத் தூக்கிப் பக்கத்து வீட்டுத் தொட்டில்ல போட்டுட்டு, தெருவுல பிள்ளைங்க எண்ணிக்க குறையலயேன்னு உங்கம்மாகிட்ட சொல்லியிருந்தா எப்படிடா இருந்திருக்கும்?"

அவன் என் கையை விலக்கினான். புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது, அதில் ஏறிப் போனான்.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். சில ஊர்களில் எனக்கு இரண்டோ மூன்றோ விட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் மட்டும் முழுதாகத் துடைத்துவிட்டார்கள். நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், நீ எழுத வேண்டியிராது.

வழி ஏதாவது இருக்கிறதா? சீக்கிரம் எழுது.

தெக்லா

---

ஜகார்த்தா
9 மே 2009

என் தெக்லா அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக நீதிமன்றத்துக்குப் போனேன். முறையிடும் உரிமை கட்சிக்குத்தான் உண்டாம், வேட்பாளருக்கு இல்லையாம். அங்கிருந்து கட்சியின் தலைமை ஆபீஸுக்குப் போனேன். அரை நாள் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒருவர் பல் குத்திக்கொண்டே வந்தார். "என்னம்மா பேசுறீங்க? எங்க கட்சி எங்க கட்சி மேலயே கேஸ் போடுமா? இடம் நமக்குத்தானே வந்திருக்கு. குடும்ப விஷயம், உள்ளயே பேசிக்கலாம்."

குடும்ப விஷயமாம்! அடி வாங்கிய பெண் காவல் நிலையத்துக்குப் போனால் சொல்வார்களே, அதே சொல். உங்கள் ஓட்டைத் திருடியவர் உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டால்தான் நீங்கள் திருட்டைப் பற்றிப் பேசலாம். வழி இல்லை அக்கா. எல்லாக் கதவையும் தட்டிவிட்டேன்.

பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. இந்த முறை நாடாளுமன்றத்தில் முன்பைவிட அதிகப் பெண்கள். உண்மைதான், எண்ணிப் பார்த்தேன், சந்தோஷமும் பட்டேன். பிறகு பெயர்களைப் பார்த்தேன். பாடுபட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எத்தனை பேர் யாரோ ஒரு பெரிய மனிதரின் மனைவி, மகள், அண்ணி! படகில் ஊர் ஊராகப் போய்க் கல்லில் கோடு போடக் கற்றுக் கொடுத்தவர்களைத் தேடினேன். அதிகம் கிடைக்கவில்லை.

வரிசை நல்லதா, அதிக ஓட்டு நல்லதா என்று நாம் இருவரும் கப்பல் கப்பலாகச் சண்டை போட்டோம். வரிசை இருந்தபோது அதை எழுதிய பேனா அவர்களிடம் இருந்தது. ஓட்டு வந்தபோது எண்ணியதும் அவர்களே. உங்களைத் திட்ட எனக்கு என்ன தகுதி? நான் மூன்றாவது இடத்தைக் கட்டினேன், அவர்கள் அதில் உங்களை நிறுத்தினார்கள்.

வேலைக்குத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா? கேட்டுப் பாருங்கள். படகு விஷயத்தை நான் இங்கே விடவில்லை.

நெல்சே

---

ஓஹோய்மாஸ்
18 அக்டோபர் 2009

அன்பு நெல்சே,

நீண்ட நாளாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது. வேலைக்குச் சேர்க்கவில்லை. அரசியல் பண்ணப் போனவளுக்கு இடமில்லையாம். ஆனாலும் வலி எடுத்தால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். இன்று எழுத விஷயம் இருக்கிறது, உட்கார்ந்து படி.

ருஃபினுஸ் ஐயா ஜகார்த்தாவில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டு திரும்பினார். நன்றி விருந்தை எங்கள் ஊரில்தான் வைப்பாராம். ஏன் என்று கேள்: "எனக்கு அதிக ஓட்டுப் போட்ட ஊர் ஓஹோய்மாஸ்தான்!" என் ஓட்டில் நின்றுகொண்டு எனக்கே விருந்து. கட்சியிலிருந்து ஆள் வந்து மகளிர் அணித் தலைவி என்ற முறையில் என்னிடம் சொன்னான்: "அக்கா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. மஞ்சச் சோறு, சுட்ட மீனு, மரவள்ளி மாவு ஏன்பல், எல்லாம் பொம்பளைங்க பாத்துக்கணும். வழக்கம்தானே."

சரி என்றேன். அவனுக்கே ஆச்சரியம்.

நேற்றுக் காலை பெண்கள் எல்லோரும் ஊர்ச் சமையல் கொட்டகைக்கு வந்தோம். விறகு அடுக்கியிருந்தது, மீன் கூடையில் இருந்தது, அண்டாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றையும் தொடவில்லை. தென்னையிலிருந்து வெட்டி வந்த குருத்தோலையைக் கொட்டகை வாசலின் குறுக்கே கட்டினோம். கட்டியது யார் தெரியுமா? பெனெடிக்தா. தாமியானுஸின் அம்மா. மண்டபத்தில் கணக்கு வாசித்த நாளில் அவள் தீவின் மறுகரையில் இருந்தாள். மகன் செய்தது பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து அவள் அவனோடு சாப்பிட உட்கார்ந்ததில்லை. "என் கையால கட்டுறேன்," என்று ஓலையைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

படகு படகாக விருந்தாளிகள் இறங்கினார்கள். பந்தலில் உட்கார்ந்தார்கள். ருஃபினுஸ் ஐயா கோட்டுப் போட்டுக்கொண்டு பேசினார். பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றியும் பேசினார், ஒலிபெருக்கியில் வீடுவரை கேட்டது. வெயில் உச்சிக்கு வந்தது. யாரோ ஒரு சிறுவனுக்குத் தண்ணீர் கேட்டார்கள். சோறு எங்கே என்று தேடிப் போனவர்கள் ஓலையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். ஐயாவின் மகன், ஜகார்த்தாவில் படித்தவன், "ஒரு ஓலைதானே, அறுத்துப் போடுங்க!" என்று கத்தியிருக்கிறான். எங்கள் ஊர் ஆண் ஒருவன்கூட அசையவில்லை. கடலையே நிறுத்தி வைக்கிற ஓலையை அறுத்துவிட்டு எவன் இந்தத் தீவில் வாழ முடியும்?

கடைசியில் தாமியானுஸை அனுப்பினார்கள். என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பெனெடிக்தாவும் லிபரத்தாவும் மற்றவர்களும் என் வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தை, ஊர் மானம் போகுது. இருநூறு பேரு பசியோட உக்காந்திருக்காங்க. பொம்பளைங்களக் கூப்பிடுங்க."

"எந்தப் பொம்பளைங்கள?" என்றேன்.

"அத்தை..."

"இந்த ஊர்ல எனக்கு ஓட்டுப் போட்ட பொம்பள யாருமே இல்லன்னு கையெழுத்துப் போட்டவன் நீ. இல்லாதவங்க எப்படிடா சமைப்பாங்க? உங்க ஐயாவுக்கு ஓட்டுப் போட்டவங்க அவ்ளோ பேர் இருக்காங்களே, பெரிய நம்பர் வாசிச்சீங்களே. அவங்களத் தேடிப் பிடிச்சு அடுப்புப் பத்தவைக்கச் சொல்லு."

அவன் என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தான். "அம்மா, நீயாவது வந்து அவுத்து விடு."

பெனெடிக்தா எழுந்து வாசலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. "என் ஓட்டு எங்கடா?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதச் சொல்லு, வரேன்."

அவன் பந்தலுக்கே திரும்பிப் போனான். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பசியோடு திரும்பிப் போயின. ருஃபினுஸ் ஐயாவின் கோட்டு முதுகில் முழுக்க வேர்வை. நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

இன்று காலை தலைவர் வந்து, கட்சியிலிருந்து என்னை நீக்கிவிட்டதாகச் சொன்னார். கூடவே, கெஞ்சுகிற குரலில், ஓலையை எப்போது அவிழ்ப்பீர்கள் என்றும் கேட்டார். அடுத்த வாரம் அதே கொட்டகையில் அவருடைய மகளின் கல்யாணச் சமையல்.

ஓலையைக் கட்டியவர்கள்தான் அவிழ்க்க வேண்டும், அது உங்களுக்கே தெரியுமே என்றேன். கட்டியவர்கள் யார் என்று உங்கள் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். பூஜ்யம் பேர் கட்டிய ஓலையை யார் வந்து அவிழ்ப்பது?

பெட்டியைத் திறந்து அந்தச் சுவர்த் தாளை எங்கள் கண் முன்னே விரிக்கும்வரை அது அங்கேயே இருக்கும். காய்ந்தால் புதிது கட்டுவோம். தென்னைக்கு இங்கே பஞ்சமில்லை.

தெக்லா